சரிவில் ஓர் ஆடுகளம்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர்கள் சமதளத்தைத் தேடிப் போவதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் அது கிடக்கும். காவிரி கொண்டுவந்து பரப்பிய வண்டலை, வயலில் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு நிற்க வேண்டும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பரம்படித்து வைத்திருக்கிறார்கள். தாளடி அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் இரண்டு மூங்கிலை நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் ஆடுகளம் தயார். அந்த நிலத்தைச் சமமாக்கியது யாருடைய உழைப்பு என்று ஆடும் பிள்ளைகள் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அது பழைய உழைப்பு.

பூப்பந்து அந்த மண்ணில் பிறந்ததில் வியப்பே இல்லை. 1856 வாக்கில் தஞ்சை அரச குடும்பத்தார் அதை ஆடினார்கள் என்பது அந்த விளையாட்டின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் தவறாமல் குறிப்பிடும் செய்தி. மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட களம். நம் கணக்கில் ஏழு சென்ட் நிலம். டெல்டாவில் ஏழு சென்ட் சமதளம் என்பது ஒரு பொருட்டே இல்லை.

அந்தமானில் அது பெரிய சொத்து. அராக்கன் மலைத்தொடர் பர்மாவிலிருந்து தெற்கே இறங்கிக் கடலுக்குள் மூழ்கி, தன் முகடுகளை மட்டும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் நாம் அந்தமான் தீவுகள் என்கிறோம். வீடு கட்டுகிறவர் கட்டுவது மலைச்சரிவில். அந்தமான், நிக்கோபார் இரு தீவுக் கூட்டங்களும் சேர்ந்த 8,249 சதுர கிலோமீட்டரில் 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. மிச்சத்தில் சமமாகக் கிடந்தது சரிவுகளுக்கு இடையிலான பள்ளங்கள்தான். விடுதலைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை இங்கே குடியமர்த்தியபோது, நெல்லுக்கென்று ஐந்து ஏக்கர் பள்ள நிலமும் மேட்டுப் பயிருக்கென்று ஐந்து ஏக்கர் குன்று நிலமும் பிரித்துக் கொடுத்தார்கள். சமதளம் நெல்லுக்கு, சரிவு மனிதனுக்கு என்ற அந்தப் பங்கீடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

அந்தப் பள்ளங்களிலும் ஒரு பகுதி போய்விட்டது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கியது. இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் கடல் வந்தது. சுனாமி அலை திரும்பிப் போனது. நிலம் இறங்கியதால் நுழைந்த கடல் திரும்பவில்லை. வண்டூர்ச் சாலையில் போகிறவர்கள் இன்றைக்கும் அந்த நீர்ப்பரப்பைப் பார்க்கலாம். வரப்பு இருந்த இடங்களில் இப்போது நீர் ஏறி இறங்குகிறது.

இவ்வளவும் சொல்லக் காரணம், என் அக்கா மகன் போர்ட் பிளேரை ஒட்டிய காரச்சர்மாவில் வீடு கட்டி முடித்திருக்கிறான். சரிவில் ஏறி நிற்கும் வீடு. பின்பக்கம் கொஞ்சம் இடம் மிஞ்சியது. "மாமா, பின்னாடி ஒரு ஷட்டில் கோர்ட் போட்டுடலாம்னு இருக்கேன். ஜேசிபி விட்டா ஒரே நாள்ல தட்டிடலாம்" என்றான். பக்கத்தில் நின்ற மேஸ்திரி தமிழ்நாட்டுக்காரர், தீவுக்கு வந்து தலை நரைத்தவர். "தட்டறது ஒரு நாள் வேலைதான் தம்பி. தட்டினது நிக்கணுமே" என்றார்.

நிற்பது எப்படி என்பதுதான் முழு விஷயமும். ஷட்டில் களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். சுற்றிலும் கால் வைக்க இடம் விட்டால் 16-க்கு 8. மூன்று சென்ட்டுக்குச் சற்று மேல். அவன் இடத்தில் சரிவு கிழக்கு நோக்கி இறங்குகிறது. ஆகவே களத்தின் நீளம் வடக்குத் தெற்காக, சரிவின் குறுக்கே, மலையை அணைத்தபடி விழும். திறந்த வெளிக் களத்துக்கு அதுதான் முறையும்கூட. கிழக்கு மேற்காகப் போட்டால் காலையில் ஒருவர் கண்ணிலும் மாலையில் எதிரே நிற்பவர் கண்ணிலும் வெயில் அடிக்கும். நிலமே நல்ல திசையில் கிடந்தது ஒரு கொடுப்பினை.

மேஸ்திரி டியூப் லெவல் பிடித்தார். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். காற்றுக்குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று குழாயை விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழிகளை மேலேற்றி வெளியேற்றினார். மேல் முளைக்குச்சியில் ஒரு முனையை அவர் வைத்துக்கொள்ள, கீழ் முளைக்குச்சியில் மறு முனையை உதவியாளர் பிடித்தார். தண்ணீர் கொஞ்ச நேரம் ஏறி இறங்கித் தடுமாறி, பிறகு இரண்டு முனையிலும் ஒரே மட்டத்துக்கு நின்றது. கீழே தண்ணீர் நின்ற இடத்துக்கும் தரைக்கும் டேப் பிடித்தார்கள். எட்டு மீட்டர் அகலத்துக்குள் நிலம் ஒன்று அறுபது இறங்கியிருக்கிறது. ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணால் பார்த்தபோது முழங்கால் உயரம்தான் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியிருந்தது.

இதற்கு வழி, மேல் பாதியில் எண்பது சென்டிமீட்டர் வெட்டி அந்த மண்ணைக் கீழ்ப் பாதியில் எண்பது சென்டிமீட்டர் நிரப்புவது. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் வெட்டிய பாதி மலையின் பகுதி, அது எப்போதும் இருந்தபடி இறுகி இருக்கும். நிரப்பிய பாதி நேற்று வந்த மண், அது அமிழும். இரண்டின் மேலும் ஒரே கான்கிரீட் பலகையை உடனே போட்டால், முதல் மழை முடிந்ததும் களத்தின் நடுவே, வெட்டும் நிரப்பும் சேரும் கோட்டிலேயே நீளமாக வெடிக்கும். ஆகவே நிரப்பு மண்ணை அரை அடி அடுக்குகளாகப் போட்டு, நனைத்து, இடித்து ஏற்ற வேண்டும். கீழே தாங்கு சுவர் வேண்டும். அந்தச் சுவரில் நீர் வடியத் துளைகள் வேண்டும். இந்தியாவின் நிலநடுக்க வரைபடத்தில் தீவுகள் ஐந்தாம் மண்டலம், நாட்டிலேயே கடுமையான வகை. சுவருக்குப் பின்னால் நனைந்து கனத்த மண் நிற்கும் நேரத்தில் பூமி ஆடினால் என்ன ஆகும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தீவுகளில் விளையாட்டுக்கென்று நிலத்தைச் சமன்படுத்துவது நேற்று வந்த வழக்கம் இல்லை. போர்ட் பிளேர்த் துறையிலிருந்து சில நிமிடப் படகுப் பயணத்தில் ராஸ் தீவு. இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. சுமார் 0.3 சதுர கிலோமீட்டர்தான் மொத்தமும். தண்டனைக் குடியேற்றத்தின் தலைமையகமாக அதை வைத்திருந்த வெள்ளையர்கள் அந்தச் சின்ன முதுகில் தேவாலயம், பேக்கரி, நடன மண்டபம், கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் நிலையம், நீச்சல் குளம் எல்லாம் கட்டினார்கள். டென்னிஸ் களமும் போட்டார்கள். இன்று ஆலமர வகை மரங்களின் வேர்கள் சுவர்களைச் சுற்றி இறுக்கிக்கொண்டு நிற்கும் இடிபாடுகளுக்கு நடுவே அந்த இடத்தையும் காட்டுகிறார்கள். புள்ளிமான்கள் மேய்கின்றன.

டென்னிஸ் களம் என்றால் கோட்டுக்குள் 23.77-க்கு 10.97 மீட்டர். ஓடி ஆட இடம் விட்டால் பதினாறு சென்ட்டுக்கு மேல் போகும். அத்தனை சிறிய பாறைத் தீவில் அவ்வளவு சமதளத்தை யார் செய்தார்கள்? 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜே. பி. வாக்கர் இருநூறு கைதிகளோடு கப்பலில் வந்து இறங்கினார். 1857 கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்டவர்கள். காட்டை வெட்டியதும் கல்லைப் புரட்டியதும் மேட்டை இறக்கிப் பள்ளத்தை நிரப்பியதும் அவர்களும் அவர்களுக்குப் பின் வந்த கைதிகளும்தான். தலைமை ஆணையரின் மாளிகையிலிருந்து மாலையில் வெள்ளை உடை போட்டு இறங்கிவந்து பந்தடித்தவர்கள் மிதித்தது அந்தத் தரை. செல்லுலார் சிறையின் கதையை நாம் ஆயிரம் முறை சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ராஸ் தீவில் நின்றால் அந்த டென்னிஸ் களம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. தண்டனைக்கென்று சிறை கட்டியதாவது வெளிப்படையான கொடுமை. இங்கே ஒருவனுடைய பொழுதுபோக்குக்காக இன்னொருவன் சங்கிலியோடு மலையைச் சமன் செய்திருக்கிறான். 1941 ஜூன் 26 நிலநடுக்கம் ராஸைப் பிளந்தது, அடுத்த மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள், ஆடியவர்கள் போய்விட்டார்கள்.

என் அக்கா மகனின் கோர்ட்டை அதோடு ஒப்பிட வரவில்லை. அவன் கூலி கொடுத்து வேலை வாங்குகிறான், அவனும் மண்வெட்டி பிடிக்கிறான். ஆனாலும் மலையில் ஒரு சமதளம் செய்கிறவன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் யார் கால் வைக்கலாம்? அதில் விழும் மழை எங்கே போகும்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதில்தான் கணக்கு இருக்கிறது. போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையைப்போல் இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கி தென்மேற்குப் பருவம், அது ஓயும்போது வடகிழக்குப் பருவம். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வெயில் காலம், கட்டட வேலைக் காலம். அந்த மாதங்களில்தான் ஊருக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை இறங்கிக்கொண்டே போகும், குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும். கான்கிரீட் போட்டால் குறைந்தது ஒரு வாரம் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். குடிக்க வாளியோடு காத்திருக்கும் தெருவில், ஆடுகளத்துக்குத் தண்ணீர் தேக்கி வைப்பது மனசுக்கு ஒப்பாத காரியம்.

இப்போது கோட்டுக்குள் இருக்கும் பரப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். 13.4-ஐ 6.1-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 82 சதுர மீட்டர். அதன்மேல் மூன்று மீட்டர் மழை. ஆண்டுக்கு 2,45,000 லிட்டர். மலைச்சரிவாக இருந்தவரை இதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கியது, ஒரு பகுதி வேர்களைத் தொட்டுக்கொண்டு மெல்ல ஓடியது. கான்கிரீட் போட்ட நாளிலிருந்து அத்தனையும் ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில் பாயும். கீழே இருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தில் போய் முட்டும். வீட்டுக்குப் பின்னால் களம் போடுகிறவர்கள் நெட்டுக்கும் விளக்குக்கும் பெயின்டுக்கும் விலை கேட்கிறார்கள். இந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ஆகவே களத்தை ஒரு பக்கச் சாய்வில் போடச் சொன்னேன்: நூற்றுக்கு ஒன்று, பக்கவாட்டில். நெட்டிலிருந்து இரு பக்கமும் சாய்த்தால் ஆட்டம் கெடும். பக்கவாட்டில் ஆறு சென்டிமீட்டர் இறங்குவதை ஆடுகிறவர்கள் உணர மாட்டார்கள், தண்ணீர் உணரும். கீழ் ஓரத்தில் ஒரு வாய்க்கால், அங்கிருந்து சல்லி நிரப்பிய வடிகட்டி, அதன்பின் தாங்கு சுவரை ஒட்டி நிலத்தடித் தொட்டி. பெய்வது எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. முப்பதாயிரம் லிட்டர் பிடித்தால்கூட, கடைசி மழை நிரப்பிவிட்டுப் போகும் தொட்டி மார்ச் மாதத்தில் செடிக்கும் கழுவலுக்கும் உதவும். தீவில் ஓர் ஆடுகளத்தை நான் முழு மனதோடு ஆதரிப்பதென்றால் இப்படித்தான்.

மணல் இன்னொரு கதை. உச்ச நீதிமன்றம் அமைத்த ஷேகர் சிங் குழுவின் அறிக்கைக்குப் பின், 2002 மே 7-இல் அந்த நீதிமன்றம் தீவுகளின் கடற்கரைகளில் மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்க உத்தரவிட்டது. ஆமைகள் முட்டையிட ஏறிவரும் கரைகள் அவை. அதன்பிறகு கட்டடக்காரர்கள் குவாரித் தூளுக்கும் மெயின்லேண்ட் மணலுக்கும் மாறினார்கள். சிமென்டும் கம்பியும் எப்போதுமே சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலில்தான். ஒவ்வொரு சதுர மீட்டர் கான்கிரீட்டும் கடல் கடந்து வருகிறது. பெரிய களம் வேண்டாம், ஷட்டில் அளவே போதும் என்று அவனிடம் வற்புறுத்தியதற்கு அதுவும் காரணம்.

ஷட்டிலுக்குத் திறந்தவெளியில் காற்று பெரும் பகை. இறகுக் காக் நான்கைந்து கிராம். கடல் காற்றில் அது தன் இஷ்டத்துக்குப் போகும். உலக பேட்மின்டன் கூட்டமைப்பு 2019-இல் சீனாவின் குவாங்சோவில் ஏர்பேட்மின்டன் என்று வெளியில் ஆடும் வகையையும், காற்றைச் சமாளிக்கும் புதிய காக் ஒன்றையும் அறிமுகப்படுத்தியது. நல்ல முயற்சிதான். ஆனால் காற்றில் நிலைத்துப் போகும் பந்தோடு, கூரையில்லாத களத்தில், மட்டையால் அடித்து ஆடும் ஆட்டம் நம்மிடம் நூற்றைம்பது ஆண்டாக இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று சுருக்கிக்கொண்டால் பூப்பந்தை இந்தச் சின்ன இடத்திலும் பழகலாம். விதிப்புத்தகக்காரர்கள் கோபிக்கட்டும். இந்தத் தீவுகளில் ஏழு பேரில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். வெற்றிமலை முருகன் கோயில் திருவிழாவைக் கொண்டுவந்தவர்கள் பூப்பந்தையும் இன்னும் கொஞ்சம் அக்கறையாகக் கொண்டுவந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

விளக்கு வேண்டாம் என்பது என் அடுத்த வாதம். தீவு கடிகாரத்தை மெயின்லேண்டிடம் கடன் வாங்கி ஓடுகிறது. நாட்டின் நேரம் கணக்கிடப்படும் தீர்க்கரேகைக்குப் பத்து பாகை கிழக்கே இருப்பதால் சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்ளும். டிசம்பரில் மாலை ஐந்து மணியோடு பொழுது சாய்கிறது. பள்ளி விட்டு வந்து காபி குடித்துவிட்டுப் போவதற்குள் இருட்டு. உடனே நான்கு கம்பத்தில் விளக்கு என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். நெய்வேலி நிறுவனம் இங்கே 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருந்தாலும், இரவில் எரியும் விளக்குகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓடுவது கப்பலில் வந்த டீசல். ஒரு லிட்டருக்கு மூன்றரை, நான்கு யூனிட்தான் கிடைக்கும். அதற்குப் பதில் காலையைப் பாருங்கள். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். பள்ளிக்கு முன்னால் ஒரு மணி நேர ஆட்டத்தை இயற்கை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. "காலைல எந்தப் பசங்க மாமா எழுந்திரிப்பாங்க?" என்கிறான். பந்து இருந்தால் எழுந்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

யார் கால் வைக்கலாம் என்ற கேள்விக்கு நான் தெற்கே கார் நிக்கோபாரைப் பார்க்கிறேன். மலைகளான அந்தமானிலிருந்து போகிறவர்களுக்கு அந்தத் தீவு அதிசயம்: பவளத்தால் ஆன ஏறக்குறைய தட்டையான நிலம். அங்கே நிலம் துஹெத் எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். கரையோரத்தில் எல்பனம் என்று ஊரின் பொது வெளி. பிறப்பு, இறப்பு, விருந்து, தோணிப் போட்டி எல்லாம் அங்கே. 2004 அலை முதலில் அடித்தது அந்தக் கரையைத்தான். பிறகு தீவுகளில் அரசு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகள் கட்டியது. நிக்கோபாரில் மக்கள் உள்ளே தள்ளிக் குடியேறினார்கள். வட்டக் குடிசைகள் இருந்த இடத்தை வரிசை வரிசையான தகரக்கூரை வீடுகள் பிடித்துக்கொண்டன. பலரை வருத்தியது பொது வெளியை இழந்ததுதான் என்பதை அந்த மக்களைப் பற்றி எழுதியவர்களிடமிருந்து அறிகிறோம். அதே மண்ணிலிருந்துதான் சைக்கிள் பந்தயத்துக்கு டெபோரா ஹெரால்ட் வந்தார், ஒன்பது வயதில் சுனாமியில் மரத்தில் ஏறிப் பிழைத்தவர். டேவிட் பெக்காம் என்று பெயர் வைக்கப்பட்ட இன்னொரு சைக்கிள் வீரரும் கார் நிக்கோபார்க்காரர். அந்தப் பெயரே அங்கே கால்பந்து எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லும். தனித்தனிக் கொல்லைகள் உருவாக்கிய வீரர்கள் இல்லை இவர்கள். பொதுவில் ஓடிய கால்கள்.

அதனால் சந்துப் பக்கம் சுவர் எழுப்ப வேண்டாம், வலை மட்டும் கட்டு, ஒரு சின்னக் கதவு வை என்றேன். அவன் மனைவிக்குத் தயக்கம் இருக்கிறது. பெண் குழந்தை இருக்கும் வீடு, கண்டவர்கள் வந்து போவார்களே என்கிறாள். அந்தத் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் மட்டும் திறப்பது, அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் திறப்பது, பெண் பிள்ளைகளுக்கு ஒரு தனி நேரம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தெருவில் பெண் குழந்தைகள் ஓடி ஆட ஒரு கை அகல இடம் கிடையாது என்பதையும் அவளேதான் சொன்னாள்.

இந்த ஆண்டு கான்கிரீட் இல்லை என்று முடிவாகிவிட்டது. மார்ச்சுக்குள் தாங்கு சுவரும் தொட்டியும் முடியும், மண் நிரப்பி இடித்துச் சமன் செய்யப்படும். மூன்று-நான்கு-ஐந்து கயிறு பிடித்து மூலை மட்டம் பார்த்து, மூலைவிட்டம் 14.72 மீட்டர் வருகிறதா என்று சரிபார்த்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, மழை வரும்வரை மண் தரையிலேயே பூப்பந்து ஆடுவது. பிறகு இரண்டு பருவமும் அதன்மேல் பெய்யட்டும், மண் அமிழ வேண்டிய அளவுக்கு அமிழட்டும். ஜனவரியில் குழிகளை நிரவி, தொட்டியில் சேர்ந்த மழைத்தண்ணீரைக்கொண்டே கான்கிரீட்டுக்குப் பாத்தி கட்டலாம். குழாயைத் தொட வேண்டாம்.

அதற்கு முன் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் கீழ் வீட்டு வேலியோரமாகத்தான் சாலை வடிகாலுக்குப் போயாக வேண்டும். அந்த வீட்டுக்காரர் வங்காளி, பள்ள நிலம் வாங்கிய தலைமுறையின் பேரன். தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். வரும் ஞாயிறு அவரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டி, வாய்க்கால் எங்கே போகலாம் என்று அவரையே முளைக்குச்சி அடிக்கச் சொல்லப் போகிறோம்.